ஐந்தருவி அவை!

சாரல் காலத்தில் குற்றாலத்து ஐந்தருவியின் அடியில் நின்று நீராடியவர்கள் அறிவார்கள். பாறை நீரை ஐந்தாகப் பிளக்கிறது. ஒரு கிளை பருத்து விழுகிறது. மற்றொன்று மெலிந்து வழிகிறது. கீழே நிற்பவன் கண்ணுக்கு அருவிகள் ஐந்து. பாறையின் மேலேறிப் பார்ப்பவன் கண்ணுக்கோ நீரோட்டம் ஒன்றே!

சென்னையிலும் ஓர் ஐந்தருவி இருந்தது. மலையில் அல்ல, கோட்டையில். சட்ட மேலவை என்பது அதன் ஏட்டுப் பெயர். மேல்சபை என்பது வழக்குப் பெயர். 1957 முதல் அதில் 63 இருக்கைகள். உள்ளாட்சி மன்றங்கள் அனுப்புவோர் 21 பேர். சட்டமன்ற உறுப்பினர்கள் அனுப்புவோர் 21 பேர். பட்டதாரிகள் அனுப்புவோர் 6 பேர். ஆசிரியர்கள் அனுப்புவோர் 6 பேர். ஆளுநரின் கையெழுத்தால் வருவோர் 9 பேர். ஐந்து வழி, ஐந்து வாசல், ஐந்து வகை வாக்காளர்! ஆனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை எந்தக் கட்சிக்கோ, அந்தக் கட்சியின் நீர்தான் இரண்டு மூன்று கிளைகளில் பருத்து விழுந்தது. அந்த 21 பேரில் பெரும்பாலோர் அவர்கள் ஆட்கள். ஆளுநர் கையெழுத்திடும் 9 பெயர்களும் அமைச்சரவை எழுதிக் கொடுப்பவை. விகிதாசார முறையில் எதிர்க்கட்சிக்கும் சில துளிகள் சிதறும், மறுக்கவில்லை. துளிகள் சிதறுவதைக் காட்டி, ஆறு வேறு என்று சொல்ல முடியுமா?

அந்த அவை 1986 நவம்பர் 1ஆம் நாள் ஒழிந்தது. ஒழிந்த பின்னும் அதன் நிழல் நம்மை விட்டு நீங்கவில்லை. 1989இல் அதை மீண்டும் எழுப்பச் சட்டமன்றத்தில் தீர்மானம். 1991இல் ஆட்சி மாற்றம், தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. 1996இல் மறுபடியும் தீர்மானம். 2001இல் மறுபடியும் மறுப்பு. 2010இல் நாடாளுமன்றமே 78 உறுப்பினர் கொண்ட மேலவைக்குச் சட்டம் இயற்றிற்று. 2011இல் வந்த ஆட்சி, வேண்டாம் என்றது. 2021 தேர்தலில் மீண்டும் வாக்குறுதி! இயக்கத்தின் ஒரு கிளை இடிப்பதும் மற்றொரு கிளை கட்டப் புறப்படுவதுமாகக் காலம் ஓடியிருக்கிறது. இடித்தவர் யார், கட்ட முனைபவர் யார் என்று பார்த்துக் கைதட்டும் பழக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைப்போம், தோழர்களே. பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த அவைக்கு யார் வாக்களித்தார்கள்?

தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குள் நடந்து பாருங்கள். வீட்டுத் திண்ணையில் மடிமீது சுளகை வைத்து, இலையில் தூளை இட்டு, விரல் தேயப் பீடி சுற்றும் தாய்மார்களைக் காணலாம். சட்டமன்றத் தேர்தலில் அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. மேலவைத் தேர்தலில்? ஒன்றுமில்லை! கடையநல்லூரில் தறியில் அமர்ந்து நெய்யும் தோழனுக்கு? ஒன்றுமில்லை. ஆலங்குளம் வட்டாரத்தில் வெயிலில் களை பறிப்பவளுக்கு? ஒன்றுமில்லை. அதே தெருவில் பட்டம் பெற்று மூன்று ஆண்டு கழிந்த ஒருவர் இருந்தால், அவருக்குப் பட்டதாரி என்ற முறையில் தனியே ஒரு வாக்கு. அவரே உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தால் இன்னொரு வாக்கு. நகராட்சியில் உறுப்பினராகவும் இருந்துவிட்டாலோ மேலும் ஒன்று! பீடி சுற்றும் தாய் ஒரு பங்கு மனுஷி. அவர் நான்கு பங்கு மனிதர்!

இன்னொரு நுட்பம் கேளுங்கள். ஆசிரியர் தொகுதி என்று பெயர் வைத்தார்களே, எல்லா ஆசிரியருக்கும் வாக்கு உண்டா? இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 171ஆவது பிரிவு, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்விக்கூடத்தில் பயிற்றுவிப்பவர்க்கே அந்த உரிமையை வழங்குகிறது. பட்டிக்காட்டுத் தொடக்கப் பள்ளியில், மணலில் விரல் பிடித்து 'அ' எழுதப் பழக்கிய ஆசிரியர் அந்தப் பட்டியலில் இல்லை. அடித்தளம் போட்டவனுக்கு இடமில்லை, மாடி கட்டியவனுக்கே இடம். ஆசிரியர்க்குள்ளேயே ஒரு மேல் வரிசை, ஒரு கீழ் வரிசை!

இந்த ஏற்பாட்டை நாம் வேறெங்கோ கண்டதில்லையா? தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று மனிதனைக் கூறு போட்ட பழங்கதையை எரித்துவிட்டோம் என்று மேடையில் முழங்குகிறோம். பிறப்பு இருந்த இடத்தில் பட்டத்தை வைத்தால் பாகுபாடு பாகுபாடு ஆகாமல் போய்விடுமா? 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பட்டம் பெற்றவர் எத்தனை பேர் இருந்திருப்பர், அவர்கள் எந்தத் தெருக்களில் வாழ்ந்திருப்பர் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? கல்விக் கதவை நூற்றாண்டுக் கணக்கில் அடைத்து வைத்துவிட்டு, கல்வி பெற்றவனுக்கே கூடுதல் வாக்கு என்று சட்டம் எழுதினால் அதன் பொருள் என்ன?

இது புதிதாக முளைத்த விஷமுள்ளும் அல்ல. தென்காசியிலிருந்து ஐந்து கல் தொலைவில் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அது நம்மோடு இல்லை. திருவிதாங்கூர் மன்னராட்சியிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அந்த மன்னராட்சி 1932இல் தன் சட்டமன்றத்தை இரண்டாகப் பிரித்தது. கீழே ஸ்ரீமூலம் சபை, மேலே ஸ்ரீசித்திரை அரசவை. வாக்குரிமையோ சொத்தோடு கட்டப்பட்டது. நிலமும் வரியும் உள்ளவனே வாக்காளன். நிலமற்ற ஈழவரும், இசுலாமியரும், கிறித்தவரும் பெருந்தொகையாக வெளியே நிறுத்தப்பட்டனர். பொங்கி எழுந்தார்கள்! அந்தத் தேர்தலே வேண்டாம் என்று விலகி நின்றார்கள். நிவர்த்தனக் கிளர்ச்சி என்று வரலாறு அதைக் குறிக்கிறது. 1935இல் கோழஞ்சேரியில் பேசியதற்காகச் சி. கேசவன் சிறையில் தள்ளப்பட்டார். பின்னாளில் அவரே திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர் ஆனார். அந்தக் கிளர்ச்சியின் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நம் பக்கமும் வீசியிருக்க வேண்டும். வெள்ளையன் டில்லியில் நடத்திய மேலவையின் இலட்சணமும் இதுவே. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்த அவைக்கு, இந்தியா முழுவதிலும் வாக்காளர்கள் ஏறத்தாழ 17,000 பேர். ஆம், கோடிகளில் அல்ல, இலட்சங்களில் அல்ல. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை! மேலவை என்னும் சொல்லில் உள்ள 'மேல்' எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

மன்னரும் வெள்ளையரும் போனார்கள், குடியரசு வந்தது, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வந்தது. வந்த முதல் தேர்தலிலேயே மேலவை தன் வேலையைக் காட்டிற்று.

1952. சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசு பெற்றவை 152. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தோற்றார். மக்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி ஆட்சி அமைக்க உரிமை கோரின. அப்போது யாரைத் தேடிப் போனார்கள்? எந்தத் தொகுதியிலும் நிற்காத, எந்த வாக்காளர் முன்பும் கைகூப்பாத இராசகோபாலாச்சாரியாரை! ஆளுநர் ஸ்ரீபிரகாசா பேனாவை எடுத்தார். மேலவையின் நியமன உறுப்பினர் என்று எழுதினார். 1952 ஏப்ரல் 10ஆம் நாள் ஆச்சாரியார் முதலமைச்சர்! இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்காக என்று அரசமைப்பு திறந்து வைத்த வாசல் அது. அந்த வாசலில் கவிஞன் நுழைந்தானா, விஞ்ஞானி நுழைந்தானா? ஒரு முதலமைச்சர் நுழைந்தார்!

அவர் இலக்கியவாதி அல்லவா என்று சிலர் கேட்பர். ஆம், எழுதினார். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் விருந்தினராக அமர்ந்து கம்பனை நுகர்ந்தவர் என்பதும் நாடறிந்ததே. கம்பனை நுகர்வதற்கு நாம் தடையாக நிற்கவில்லை, டி.கே.சி.யின் வீட்டு விருந்தோம்பலைக் குறை கூறவும் நாம் வரவில்லை. அருவிக்கரையில் அமர்ந்து கவிதை பேசும் தகுதி வேறு. பல மொழி பேசும் கோடிக்கணக்கான மக்களை ஆளும் தகுதி வேறு. முன்னதைத் தருவது ரசனை. பின்னதைத் தரவேண்டியது வாக்குப்பெட்டி.

அதற்கு முன்பு அவர் ஆட்சிக்கு வந்த வரலாறும் நினைவிருக்கட்டும். 1937இல் அவர் நின்றது சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில். அங்கே வாக்காளர்கள் பட்டதாரிகள். ஒருமுறை பட்டதாரிகளின் வாசல், மறுமுறை ஆளுநரின் வாசல். இரண்டு முறையும், ஏர் பிடித்தவனும் தறி நெய்தவனும் அவர் பெயருக்கு நேரே முத்திரை குத்தியதில்லை. இரண்டு முறையும் அவர்கள் தலையில் விழுந்தது என்ன? முதல்முறை 1938இல் கட்டாய இந்தி. இரண்டாம்முறை 1953இல் குலக்கல்வி. அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்! வண்ணான் மகன் துறைக்கும், குயவன் மகன் சூளைக்கும் போகட்டும் என்ற திட்டம், வண்ணானிடமும் குயவனிடமும் வாக்குக் கேட்டு வந்த ஒருவர் மூளையில் உதித்திருக்குமா? உதித்திருந்தாலும் வாய் திறந்து சொல்லத் துணிந்திருப்பாரா? பெரியார் போர் முரசு கொட்டினார். 1953 ஜூலையில் தி.மு.கழகத்தார் மும்முனைப் போராட்டத்தில் இறங்கித் தடியடி பட்டனர், சிறை சென்றனர். 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார், திட்டமும் மாண்டது. வாக்குப்பெட்டி ஒரு நாளில் செய்ய வேண்டியதை, தெருவில் இறங்கி மாதக்கணக்கில் போராடிச் செய்ய வேண்டியிருந்தது!

அடுத்து வந்தவர் காமராசர். அவரும் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர், நாடாளுமன்ற உறுப்பினர். மேலவை வாசல் அவருக்கும் திறந்தே இருந்தது. ஆளுநரின் பேனாவிலும் மை வற்றிவிடவில்லை. அவர் போனதோ குடியாத்தத்துக்கு! 1954 இடைத்தேர்தலில் மக்கள் முன் நின்றார், வென்றார், சட்டமன்றம் வந்தார். காங்கிரசை எதிர்த்து வந்த பெரியாரும் அண்ணாவும் அந்தத் தேர்தலில் அவரை ஆதரித்தனர். ஆச்சாரியார் மூடிய பள்ளிகள் திறந்தன. பகல் உணவு வந்தது. வாசலுக்கும் ஆட்சிக்கும் தொடர்பே இல்லை என்று யாரேனும் வாதிட்டால், இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

இங்கே ஒரு நண்பர் எழுந்து, "அண்ணா?" என்று கேட்பார். கேட்கட்டும்; கேட்கத்தான் வேண்டும். 1967இல் அண்ணா வென்றது தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில். முதலமைச்சரான பின் அவர் அமர்ந்தது மேலவையில்தான். அதற்கு முன், 1962இல் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்று அவர் டில்லி சென்றதும் மாநிலங்களவை வழியாகத்தான். உண்மை. மறைக்க வேண்டிய செய்தி அல்ல. 1952க்கும் 1967க்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வோம். 1967இல் கழகம் போட்டியிட்டு வென்ற இடங்கள் 137. அந்த வெற்றி யாருடைய பெயரால், யாருடைய முகத்துக்காக வந்தது என்பது நாடறிந்தது. மக்கள் அளித்த ஆட்சிக்கு அண்ணா தலைமை ஏற்றார். மக்கள் மறுத்த ஆட்சிக்கு ஆச்சாரியார் தலைமை ஏற்றார். ஆனாலும் தோழர்களே, நம் தலைவர் நுழைந்தார் என்பதற்காக ஒரு வாசல் புனிதமாகிவிடுமா? கால் பட்ட இடத்தைக் கோயிலாக்குவது அவர்கள் வழக்கம். நம் வழக்கமா அது?

மேலவையின் காவலர்கள் சொல்லும் வாதங்கள் இரண்டு. அறிஞர்கள் அமர அது இடம் தரும் என்பது ஒன்று. ஏ. இலட்சுமணசாமி முதலியார் இருந்தார், ம.பொ.சி. அதன் கடைசித் தலைவராக இருந்தார் என்று பெயர்களை அடுக்குவர். அறிஞர்தாம், ஐயமில்லை. அறிஞன் பேச அவை வேண்டுமா? கூட்டம் கூட்டினால் கேட்போம், ஏடு எழுதினால் படிப்போம், குழு அமைத்துக் கருத்துக் கேட்டால் சொல்லட்டும். அறிவுரை கூற வாக்கு எதற்கு, படி எதற்கு, பட்டயம் எதற்கு?

அவசரச் சட்டங்களுக்கு அது கடிவாளம் என்பது மற்றொன்று. கடிவாளத்தின் நீளத்தை அளந்து பார்த்தார்களா? சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை மேலவை மூன்று மாதம் நிறுத்தலாம். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் இன்னும் ஒரு மாதம். அத்தோடு சரி! பண மசோதாவானால் பதினான்கே நாள். நான்கு மாதம் குறட்டை விடுவதற்கு ஓர் அவை, அதற்கு ஒரு தலைவர், துணைத் தலைவர், மண்டபம், ஊதியம்! தடை போட வேறு ஆளில்லையா என்ன? ஆளுநர் மாளிகையில் மசோதாக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கியதையும், அதற்காகத் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியதையும் கண்ட தலைமுறை நாம். இருக்கும் பூட்டே போதாதென்று புதுப் பூட்டுக்கு ஆர்டர் கொடுப்பார்களா?

மேலவையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சியின் குரல் என்பார்களே, அதைத் தென்காசியில் வந்து சொல்லட்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது, தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். 2019 இறுதியில் பிற மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோதும், அந்த ஆண்டு நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து பிறந்த தென்காசி மாவட்டத்துக்கு வரவில்லை. 2021 அக்டோபரில்தான் இங்குள்ள ஊராட்சிகளுக்கு வாக்குப்பெட்டி வந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகள்! குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் கேட்க ஆளில்லாமல் கிராமம் தவித்த காலத்தில் மேலவை இருந்திருந்தால், அந்த மூன்றில் ஒரு பங்கை யார் நிரப்பியிருப்பார்கள்? தனி அலுவலரா? ஊராட்சிக்குத் தேர்தலை உரிய நாளில் நடத்த வக்கற்ற அரசியல், ஊராட்சியின் பெயரால் கோட்டையில் 26 நாற்காலிகள் போடத் துடிக்கிறது. குளத்துக்கு வாய்க்கால் வெட்டாதவன் மாடியில் நீர்த்தொட்டி கட்டுகிறான்!

1986இல் எம்.ஜி.ஆர். மேலவையை ஒழித்தது கொள்கைக்காகவா? நான் அப்படி நம்பவில்லை. நியமன உறுப்பினராக அறிவிக்கப்பட்ட ஒருவர் கடனால் நொடித்தவர் என்று வழக்கு எழுந்த நேரம் அது. உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.கழகம் நகராட்சிகள் பலவற்றைக் கைப்பற்றி, அதன் வழியே மேலவையில் பெருகக் காத்திருந்த ஆண்டும் அது. கோபமும் கணக்கும் கலந்து செய்த காரியம். மே 14ஆம் நாள் தீர்மானம். நவம்பர் முதல் நாள் மரணம். செங்கோட்டை நம்மோடு இணைந்து சரியாக முப்பதாவது ஆண்டு நிறைவு நாள்! தவறான காரணத்துக்காக ஒருவன் வீட்டிலிருந்த பாம்பை அடித்துவிட்டான் என்பதால், பாம்பை உயிர்ப்பித்துத் தரவேண்டும் என்று கேட்பது என்ன அறிவு?

சென்னை மேலவை செத்தது. டில்லி மேலவை இருக்கிறது. மாநிலங்களவை என்று அதற்குப் பெயர். மாநிலங்களின் உரிமைக்காக நிற்க வேண்டிய அவை என்பதால் அதை ஒழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தேர்தல் நடக்கும் முறையைத் தென்காசிக்காரன் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

தென்காசிச் சட்டமன்றத் தொகுதியில் 2021இல் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தவை 370 வாக்குகள். ஒரு தெருவின் வாக்கு! அந்தத் தெருக்காரன் வாக்குக்கு அவ்வளவு எடை. மாநிலங்களவைக்கு? தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். தவணைக்கு ஆறாக அவை காலியாகும். வாக்காளர்கள் 234 பேர். ஒவ்வொரு உறுப்பினர் வாக்குக்கும் மதிப்பு 100 என்று வைத்து, மொத்தம் 23,400ஐ ஏழால் வகுத்து ஒன்று கூட்டினால் 3,343. அதைத் தொட 34 உறுப்பினர் வேண்டும். எந்தக் கட்சியிடம் எத்தனை முப்பத்துநான்குகள் உள்ளன என்று கட்சி அலுவலகத்தில் எண்ணிப் பார்த்து, அத்தனை பெயர்களை மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். விளைவு? 2019இல் போட்டியில்லை. 2020இல் போட்டியில்லை. 2022இல் போட்டியில்லை. 2025இல் போட்டியில்லை. நான்கு தேர்தல்கள், இருபத்துநான்கு உறுப்பினர்கள். விழுந்த வாக்குச்சீட்டு ஒன்றுகூட இல்லை! சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி, ஆலங்குளம் என்று இந்த மாவட்டத்துக்கு ஐந்து உறுப்பினர்கள். மக்கள் அவர்களுக்கு வாக்களித்தார்கள்; அவர்கள் மாநிலங்களவைக்கு வாக்களிக்கவே இல்லை.

போதாக்குறைக்கு, 2003இல் சட்டத்தைத் திருத்தி, எந்த மாநிலத்தின் பெயரால் உறுப்பினர் ஆகிறாரோ அந்த மாநிலத்து வாக்காளராக இருக்கத் தேவையில்லை என்று ஆக்கினார்கள். அதை எதிர்த்துக் குல்தீப் நய்யார் வழக்காடினார். 2006இல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. திருத்தத்துக்கு முன்பு மட்டும் என்ன வாழ்ந்தது? 1991 முதல் 2019 வரை அஸ்ஸாமின் உறுப்பினராக இருந்தார் மன்மோகன் சிங், குவாஹாட்டியில் ஒரு வாடகை முகவரியின் துணையோடு. மாநிலத்தின் பெயர் வேண்டும். மாநிலத்தில் வாழ வேண்டாம்!

கடல் கடந்து பாருங்கள். இருண்ட கண்டம் என்று பாடநூலில் வெள்ளையன் எழுதி வைத்தானே, அந்த ஆப்பிரிக்காவைப் பாருங்கள். நைஜீரியாவில் மாநிலங்கள் 36. ஒவ்வொன்றுக்கும் மேலவையில் மூன்று இடம், தலைநகருக்கு ஒன்று. ஆக 109 பேர். அத்தனை பேரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் பீடி சுற்றும் தாய்க்கு இல்லாத உரிமை, அங்கே சந்தையில் கிழங்கு விற்கும் தாய்க்கு உண்டு! தென்னாப்பிரிக்காவில் ஒன்பது மாகாணங்கள். பெரியதற்கும் பத்து, சிறியதற்கும் பத்து. எல்லாம் அங்கே பொன் என்று சொல்ல வரவில்லை. லெசோத்தோவில் 33 பேர் கொண்ட மேலவையில் 22 பேர் பரம்பரைத் தலைவர்கள், மற்ற 11 பேர் நியமனம். நம் ஜமீன்தார்கள் கேட்டால் ஏங்கிப் போவார்கள். செனெகலில் 100 பேரில் 65 பேரைக் குடியரசுத் தலைவரே நியமித்துக் கொண்டிருந்தார். 2012இல் வெள்ளம் ஊர்களை விழுங்கியபோது, அந்த அவையை ஒழித்து அதன் செலவை வெள்ளத்தில் தவித்தவர்களுக்குத் தருவோம் என்று முடிவு செய்தார்கள். மேலவைக்கு இதைவிட நல்ல சாவு உண்டா? அமெரிக்காவிலும் முன்னர் மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களை அனுப்பின. பேரமும் கையூட்டும் நாறியதால் 1913இல் அரசமைப்பைத் திருத்தி மக்களிடமே வாக்கைக் கொடுத்துவிட்டார்கள். நூறாண்டுக்கு முன்பு அவர்கள் தூக்கி எறிந்ததை நாம் தோளில் சுமக்கிறோம்.

மாநிலங்களுக்குச் சம இடம் வேண்டுமா என்ற கேள்வியும் எழும். இதில் நம் இளைஞர்கள் முழக்கத்துக்கு முன்னால் கணக்குப் போட வேண்டும். இன்று உத்தரப் பிரதேசத்துக்கு 31, நமக்கு 18, சிக்கிமுக்கு ஒன்று. மாநிலங்களுக்கு உரிய 225 இடங்களில் இந்தி பேசும் ஒன்பது மாநிலங்களுக்கு 90, நூற்றுக்கு நாற்பது. 28 மாநிலங்களுக்கும் சம இடம் என்றால் அது முப்பத்திரண்டாகக் குறையும். நல்லதே. ஆனால் தமிழ்நாட்டின் பங்கும் நூற்றுக்கு எட்டிலிருந்து நான்குக்குக் கீழே இறங்கும். 1967இல் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய குற்றத்துக்காகவோ என்னவோ, மக்களவையில் நம் இடங்களை 41இலிருந்து 39 ஆக்கினார்கள். பின்னர் 1971 கணக்கெடுப்போடு எண்ணிக்கையை நிறுத்தி, 2001ஆம் ஆண்டின் திருத்தத்தால் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டினார்கள். கீழவையில் தலையெண்ணிக்கை ஆளும் என்றால், மேலவையில் மாநிலம் மாநிலமாக நின்று பேச வேண்டும். பங்கு எட்டா நான்கா என்பதைவிட, அங்கே நம் பெயரால் நிற்பவன் நம்மிடம் வாக்குக் கேட்டு வந்தவனா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்சித் தலைமை கைகாட்டி அனுப்பியவன் கட்சித் தலைமைக்குத்தான் அஞ்சுவான். தென்காசித் தெருவில் வாக்குக் கேட்டுப் போனவன்தான் தென்காசிக்கும் அஞ்சுவான்.

ஆகவே கோட்டையில் மீண்டும் ஐந்தருவி வேண்டாம். டில்லியில் இருப்பதற்கு நேரடித் தேர்தல் வேண்டும். அந்த மாநிலத்து வாக்காளரே உறுப்பினராக வேண்டும். குடியரசுத் தலைவர் எழுதித்தரும் 12 இருக்கைகள் ஒழிய வேண்டும். இதற்கு அரசமைப்பையே திருத்த வேண்டும் என்பார்கள். நூறு முறைக்கு மேல் திருத்தியவர்கள் இன்னொரு முறைக்கு ஏன் வெட்கப்படுகிறார்கள் என்று கேளுங்கள். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. 2028 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் ஆறு இடங்கள் காலியாகின்றன. பெயர்கள் சென்னையில் முடிவாவதற்கு முன்பே, இந்த ஐந்து தொகுதிகளின் உறுப்பினர்களையும் தென்காசிக்கு அழைத்து, திறந்த மேடையில் நிறுத்தி, மாணவர்களும் பீடித் தொழிலாளர்களும் நெசவாளர்களும் கேட்கட்டும்: எங்கள் பெயரால் யாரை அனுப்பப் போகிறீர்கள்? எங்களில் யாரைக் கேட்டீர்கள்?